அடுத்த போகத்துக் குலை எங்கே இருக்கிறது? – ஒரு திராட்சை விஞ்ஞானியின் கதை

(பண்ணை ஒலிபரப்பில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



திராட்சை வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "கொடி நல்லா தழைச்சு நிக்குதுங்க. பந்தல் தெரியாத அளவுக்கு இலை. ஆனா குலையைத்தான் காணோம்" என்பார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் உடனே வைத்தியம் சொல்லுவார்: "கொடி கொழுத்துப் போச்சு. உரத்தை நிறுத்து. தண்ணியைக் குறை. ஒட்ட வெட்டி விடு." இன்னொருவர், "இல்லை, சத்துப் பத்தலை, இன்னும் ரெண்டு மூட்டை போடு" என்பார். இரண்டு பேர் சொன்னதையும் மாற்றி மாற்றிச் செய்து, காசைத் தோட்டத்தில் கொட்டியவர்கள் நம்மில் பலர் உண்டு.

இந்தக் குறை நமக்கு மட்டும் ஏற்பட்டதல்ல. அமெரிக்காவின் திராட்சை விவசாயிகளும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அதற்கு விடை தேடி ஒரு விஞ்ஞானி 34 வருஷம் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் உழைத்தார். அவர் பெயர் நெல்சன் ஷாலிஸ். இன்றைக்கு அவருடைய கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கதையின் நடுவில் நம் பந்தலுக்கு வேண்டிய விஷயமும் வரும்.

ஷாலிஸ் 1913-ல் பிறந்தவர். பென்சில்வேனியா மாநிலத்துக்காரர். பென்சில்வேனியாவிலும் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1944-ல் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா என்ற ஊரில் உள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஜெனீவா என்றதும் சுவிட்சர்லாந்தை நினைத்துவிடாதீர்கள். அதே பெயரில் அமெரிக்காவிலும் ஒரு சின்ன ஊர் இருக்கிறது, செனகா என்ற ஏரியின் கரையில். நியூயார்க் என்றால் நமக்கு வானத்தை முட்டும் கட்டடங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் நகரத்தை விட்டுத் தள்ளிப் போனால் அந்த மாநிலத்தில் விவசாய பூமியும் நிறைய உண்டு. ஆப்பிள், திராட்சை, மாட்டுப் பண்ணை என்று பரந்து கிடக்கிறது. அந்த ஆராய்ச்சி நிலையம் 1882-ல் வேலையைத் தொடங்கியது. பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

அங்கே விவசாயிகள் வைத்திருந்த முக்கியமான ரகம் கான்கார்டு. கருநீல நிறம், வாசம் தூக்கலாக இருக்கும். நம் பக்கத்தில் பெங்களூர் நீலம் என்று ஒரு திராட்சை விற்குமே, ஏறக்குறைய அந்த வாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எஃப்ரெய்ம் புல் என்பவர் காட்டுத் திராட்சை விதையைப் போட்டு, முளைத்த நாற்றுகளில் நல்லதைப் பொறுக்கி எடுத்து, 1849-ல் கண்டெடுத்த ரகம் அது. 1869-ல் தாமஸ் வெல்ச் என்ற பல் வைத்தியர் அந்தத் திராட்சைச் சாற்றைப் புளிக்காதபடி சூடுபடுத்திப் புட்டியில் அடைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து கான்கார்டு சாறு பிழியும் ஆலைகளின் திராட்சையாகிவிட்டது. ஆலைக்குப் போடும் திராட்சைக்கு நம் மார்க்கெட்டில் கிடைப்பது போன்ற விலை கிடைக்காது. டன் கணக்கில் விளைந்தால்தான் விவசாயிக்குக் கட்டும். அதனால் "ஏன் குலை இல்லை?" என்பது அவர்களுக்கு வயிற்றுப்பாட்டுக் கேள்வி.

ஒரு வித்தியாசத்தை இங்கேயே சொல்லி விடுகிறேன். அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும். கொடி இலையெல்லாம் உதிர்த்துவிட்டுத் தூங்கும். வருஷத்துக்கு ஒரே ஒரு போகம்தான். நம் ஊரில் மாதிரி ஒன்று போனால் இன்னொன்று என்று தேற்றிக்கொள்ள முடியாது.

ஷாலிஸ் முதலில் கையில் எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? தராசு! கவாத்துச் செய்து தள்ளிய குச்சியை நாம் என்ன செய்கிறோம்? கட்டித் தூக்கி அடுப்புக்கோ குப்பைக்கோ போடுகிறோம். அவர் அதை எடை போட்டார். ஒரு கொடியில் இந்த வருஷம் வளர்ந்த குச்சியை வெட்டி எடை பார்த்தால், அந்தக் கொடியின் பலம் என்ன என்று தெரிந்துவிடும். எவ்வளவு பலமோ அவ்வளவு கண்களை விடலாம். இது அவர் மட்டும் கண்டுபிடித்ததல்ல. 1920-களிலேயே மிச்சிகன் மாநிலத்தில் நியூட்டன் பார்ட்ரிட்ஜ் என்பவர் இந்த யோசனையைச் சொல்லியிருந்தார். ஷாலிஸ் அதை விவசாயி கையில் பிடித்துச் செய்யக்கூடிய கணக்காக ஆக்கினார்.

கான்கார்டுக்கு அவர்கள் கொடுத்த கணக்கு "முப்பதும் பத்தும்". வெட்டிய குச்சி ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 450 கிராம் இருந்தால், கொடியில் 30 கண்களை விட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு பவுண்டுக்கும் 10 கண் கூடுதல். 3 பவுண்டு குச்சி வந்தால் 30, 10, 10 ஆக மொத்தம் 50 கண். சின்னக் கொடிக்குச் சின்னச் சுமை, பெரிய கொடிக்குப் பெரிய சுமை. வண்டிமாட்டுக்குப் பாரம் ஏற்றுகிற அதே நியாயம்தான். இந்த எண்கள் அந்த ஊர் கான்கார்டுக்கு உள்ளவை. நம் ரகத்துக்கு அப்படியே எடுத்து வைக்கக் கூடாது. எடை போட்டுப் பார்க்கிற பழக்கத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கு வந்த பிறகும் ஒரு சிக்கல் தீரவில்லை. குறிப்பிட்ட எடை வரைக்கும் கணக்குச் சரியாக வந்தது. கொடி பெரிதாகப் பெரிதாக மகசூலும் கூடியது. ஆனால் மிகவும் தழைத்து வளர்கிற தோட்டங்களில் கண்ணைக் கூட்டி விட்டும் குலை கூடவில்லை. விட்ட கண்ணெல்லாம் முளைத்தது, ஆனால் முளைத்த தளிரில் குலை வரவில்லை, வந்தாலும் சிறுத்திருந்தது. பலம் இருக்கிறது, பலன் இல்லை. இதே குறையைத்தான் நாமும் சொல்கிறோம், இல்லீங்களா?

இதைப் புரிந்துகொள்ள, கண்ணுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கொடியில் ஒவ்வொரு இலைக்காம்பின் இடுக்கிலும் ஒரு மொட்டு இருக்கிறது. அதைத்தான் நாம் கண் என்கிறோம். அடுத்த போகத்துக்கு வர வேண்டிய குலை, இப்போது பச்சைக் குச்சியில் இருக்கிற அந்தக் கண்ணுக்குள்ளேதான் கருவாகிறது. கவாத்துச் செய்கிற அன்றைக்கு அது உண்டாவதில்லை. பல வாரங்களுக்கு, சில மாதங்களுக்கு முன்னாலேயே அது முடிவாகிவிடுகிறது. ஜெனீவா பக்கத்தில் இந்த வருஷம் பூப் பூக்கிற சமயத்தில், அடுத்த வருஷக் குலை கண்ணுக்குள் உருவாகத் தொடங்கிவிடும். வயிற்றில் ஒரு பிள்ளையும் இடுப்பில் ஒரு பிள்ளையுமாக இருக்கிற தாய் மாதிரி, கொடி இரண்டு போகத்தை ஒரே நேரத்தில் சுமக்கிறது.

அந்தக் கருவுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அது குலையாக ஆகலாம். இன்னொன்று, கம்பியைச் சுற்றிப் பிடிக்கிற பற்றுக்கம்பியாக ஆகலாம். பற்றுக்கம்பியும் குலையும் ஒரே கருவிலிருந்து பிரிகிற இரண்டு பிள்ளைகள். தோட்டத்தில் கவனித்துப் பாருங்க. சில சமயம் பாதி பற்றுக்கம்பியாகவும் பாதியில் நாலு காயோடும் ஒன்று தொங்கும். இரண்டுங்கெட்டானாக நின்றுபோன கரு அது. பின்னால் 1970-களின் கடைசியில், ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் சி. சீனிவாசன், மைக்கேல் மல்லின்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள், சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியைக் கொடுத்து, பற்றுக்கம்பியாகப் போக வேண்டியதையே பூங்குலையாக மாற்றிக் காட்டினார்கள்.

அப்படியானால் தோட்டத்தில் கருவைக் குலைப் பக்கம் திருப்புவது எது? முக்கியமான ஒன்று வெயில். கண்ணுக்கும் அதை ஒட்டிய இலைக்கும் வெளிச்சம் கிடைத்தால் குலை. இருட்டில் கிடந்தால் பற்றுக்கம்பி. ஆஸ்திரேலியாவில் பீட்டர் மே, ஆன்ட்கிளிஃப் என்ற இருவர் திராட்சைக் கொடிக்கு நிழல் போட்டுச் சோதித்து 1963-ல் முடிவை வெளியிட்டார்கள். நிழலில் நின்ற கொடி அடுத்த போகத்தில் குலையைக் குறைத்துக்கொண்டது. ஜெனீவாவில் ஷாலிஸும் கான்கார்டில் இதையேதான் கண்டார்.

திராட்சை இலை ஒன்று, தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் சமையலுக்கு வேண்டியதை நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாமல் தானே எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே இருக்கிற இலைக்குப் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மூன்றாவது அடுக்கு இலை ஏறக்குறைய இருட்டில்தான் இருக்கிறது. அது சம்பாதிப்பதில்லை; உட்கார்ந்து சாப்பிடுகிறது. கொஞ்ச நாளில் மஞ்சளாகி விழுந்தும் விடுகிறது. அந்த இருட்டில் அகப்பட்ட கண்களில்தான் அடுத்த போகம் தொலைகிறது.

இப்போது பழைய வைத்தியத்தைப் பாருங்கள். கொடி கொழுத்தது என்று ஒட்ட வெட்டினால் என்ன ஆகும்? பெரிய வேர், நிறையச் சேமிப்பு, ஆனால் கண்ணோ கொஞ்சம். அத்தனை பலமும் அந்தக் கொஞ்சம் தளிரில் பாயும். தளிர் மேலும் மூர்க்கமாக வளர்ந்து நிழலை அதிகமாக்கும். பட்டினி போட்டால் கொடி சிறுக்கும், நிழல் குறையும், ஆனால் தாங்கக்கூடிய சுமையும் குறையும். ஷாலிஸ் சொன்ன வழி வேறு. கொடி பெரிதாக இருப்பது குற்றமில்லை. பெரிய கொடியைச் சின்ன இடத்தில் அடைத்து வைத்ததுதான் குற்றம். பத்துப் பேர் இருக்கிற குடும்பத்தை ஒரே அறையில் போட்டுவிட்டு, "சண்டை போடுறாங்களே" என்று சொல்வது மாதிரிதான் அது.

அப்போது அங்கே கம்பிவேலி மாதிரி ஒரே வரிசையில் கொடியைக் கட்டி, குச்சியைக் குடைபோல வளைத்து விடுவது வழக்கம். ஷாலிஸ் 1960-களின் தொடக்கத்தில் அந்த ஒரு வரிசையை இரண்டாகப் பிரித்தார். ஏறக்குறைய 6 அடி உயரத்தில், 4 அடி இடைவெளி விட்டு, இரண்டு கம்பி. கொடியின் கைகளை இரண்டு கம்பியிலும் படரவிட்டார். தளிரைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டார். பார்த்தால் இரண்டு திரைச்சீலை தொங்குவது போல இருக்கும். நடுவில் வெயில் இறங்கச் சந்து. இதற்கு "ஜெனீவா இரட்டைத் திரை" என்று பெயர். 1966-ல் தன்னோடு வேலை செய்தவர்களுடன் சேர்ந்து இந்த முடிவை வெளியிட்டார். தழைத்து வளரும் தோட்டங்களில் மகசூல் கூடியது. காய் கூடியும் இனிப்புக் குறையவில்லை.

இதில் கம்பியைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. பூ முடிகிற சமயத்தில் தளிர்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு நடுச்சந்தை மூடிவிடும். அவற்றைப் பிரித்துக் கீழே இழுத்துவிட வேண்டும். அந்த ஒரு வேலையை விட்டால் இரண்டு திரையும் மறுபடி ஒரே புதர்தான். கம்பிக்குச் செலவழித்துவிட்டு இதைச் செய்யாதவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. அதுபோல, வலுவில்லாத நிலத்தில் மெலிந்து கிடக்கும் கொடிக்கு இந்த ஏற்பாடு தேவையும் இல்லை. நிழல் இருந்தால்தானே நிழலை விலக்க வேண்டும்!

இந்த இரட்டைத் திரையால் வேறொரு காரியமும் நடந்தது. அறுவடைக்கு ஆள் கிடைக்காமல் அந்த வட்டாரம் திண்டாடிக் கொண்டிருந்தது. கார்னெலில் ஸ்டான்லி ஷெப்பர்ட்சன் என்ற பொறியாளர் திராட்சை பறிக்கும் யந்திரம் செய்ய முயன்றார். ஷாலிஸ் அவரோடு சேர்ந்தார். கம்பியை மேலும் கீழுமாக உலுக்கினால், தொங்கும் திரையிலிருந்து காய் கீழே விழும். யந்திரத்துக்குத் தோதாகக் கொடி, கொடிக்குத் தோதாக யந்திரம் என்று இரண்டையும் சேர்த்தே வளர்த்தார்கள். 1970-களில் அங்கே சாற்றுக்குப் போகிற திராட்சையில் பெரும் பங்கை யந்திரமே பறித்தது. தோட்டக்காரர் தப்பித்தார். பறிப்புக்கு வந்துகொண்டிருந்த கூலிக்காரருக்கோ அந்தப் பருவத்து வேலை போயிற்று. ஒரு நல்ல கண்டுபிடிப்பின் வரவையும் செலவையும் இரண்டு பக்கமும் எழுதித்தான் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் ஏன் 34 வருஷம் ஆயிற்று என்று கேட்பீர்கள். திராட்சையில் இன்றைக்குச் செய்கிற காரியத்தின் பலன் அடுத்த வருஷம்தான் தெரியும். அதுவும் ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் பனி. நாலைந்து வருஷம் சேர்ந்தாற்போல் எடை போட்டால்தான் நம்பலாம். வரிசை வரிசையாகக் குச்சியையும் காயையும் நிறுத்து, கண்ணை எண்ணி, குறிப்பேட்டில் எழுதுகிற வேலை. ஷாலிஸ் ஜெனீவாவில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. ஈரி ஏரிக்கரையில் விவசாயிகளின் தோட்டங்களுக்கு நடுவே, ஃப்ரிடோனியா என்ற ஊரிலிருந்த திராட்சை ஆய்வுக்கூடத்திலும் சோதனை வைத்தார். ஆஸ்திரேலியாவுக்குப் போய், நாம் தாம்சன் விதையில்லாத் திராட்சை என்கிறோமே, அந்த ரகத்திலும் பீட்டர் மேயோடு சேர்ந்து கொடியைப் பிரித்துப் படரவிட்டுப் பார்த்தார். 1971-ல் அந்த முடிவு வெளியாயிற்று. கான்கார்டு வேறு இனம், தாம்சன் வேறு இனம். ஆனால் வெயில் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தது.

1978-ல் ஓய்வு பெற்றார், 2000-ல் காலமானார். அவரிடம் படித்த ஆஸ்திரேலியர் ரிச்சர்ட் ஸ்மார்ட், இந்த வெயில் பாடத்தை நியூசிலாந்திலும் மற்ற நாடுகளிலும் பரப்பினார். 1991-ல் மைக் ராபின்சனோடு சேர்ந்து இதற்கென்றே ஒரு புத்தகமும் எழுதினார். இத்தாலி நாட்டுத் தோட்டங்களிலும் இரட்டைத் திரை ஏறியது.

சரி, நம் பந்தலுக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நமக்கு இரட்டைத் திரை வேண்டியதில்லை. நம் வெயிலுக்குப் பந்தல்தான் ஏற்றது. குலைக்கு மேலே ஓர் அடுக்கு இலை கூரையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காய் வெயிலில் வெந்துபோகும். ஆனால் அந்த ஓர் அடுக்கு மூன்று நான்கு அடுக்கானால், ஷாலிஸ் பார்த்த அதே இருட்டு நம் பந்தலிலும் வந்துவிடும். நமக்கு இதில் கஷ்டம் கூடுதல். அங்கே குளிர்காலத்தில் கொடிக்கு ஓய்வு உண்டு. இங்கே ஒரு கவாத்து முடிந்து காய் பறித்த கொஞ்ச காலத்தில் அடுத்த கவாத்து. இந்தப் போகத்துத் தளிரின் கண்தான் அடுத்த போகத்துக் குலைக்கு முதல். இந்தப் போகத்தில் பந்தலை அடைத்துவிட்டால், அடுத்த போகத்தில் எத்தனை மூட்டை உரம் போட்டாலும் கண்ணுக்குள் இல்லாத குலையை வெளியே இழுக்க முடியாது.

ஆகவே நீங்கள் செலவில்லாமல் செய்யக்கூடிய நாலு காரியம் சொல்கிறேன்.

ஒன்று: உச்சி வெயிலில் பந்தலுக்குக் கீழே போய் நின்று தரையைப் பாருங்கள். காசு காசாக வெயில் பொட்டு விழுந்திருக்க வேண்டும். ஒரு பொட்டும் இல்லாமல் கும்மிருட்டாக இருந்தால், மேலே இலை அதிகம்.

இரண்டு: பந்தலுக்குள் கையை விட்டு அடி இலையைப் பாருங்கள். நோய் இல்லாமலே மஞ்சளாகி இருந்தால், அது வெயில் காணாத இலை.

மூன்று: கவாத்துச் செய்து சில நாள் கழித்துத் தளிர் வரும்போதே, நெருக்கமானதையும் குலையில்லாத மெலிந்த தளிரையும் கிள்ளி விடுங்கள். மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பிரித்துப் படர விடுங்கள். காய் பெருத்த பிறகு அவசரமாக இலையை உருவினால் கண்ணுக்கு நேரம் கடந்திருக்கும், காயும் வெந்துபோகலாம்.

நான்கு: அடுத்த கவாத்தில் பத்துக் கொடியை அடையாளம் வைத்து, வெட்டிய குச்சியைத் தனித்தனியாக எடை போட்டு, ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தக் கொடியில் வந்த குலையையும் எண்ணி எழுதுங்கள். மூன்று நாலு போகம் எழுதினால், உங்கள் தோட்டத்தில் எந்தக் கொடி சத்தில்லாமல் காய்க்கவில்லை, எந்தக் கொடி நிழலால் காய்க்கவில்லை என்று உங்களுக்கே பிரித்துத் தெரியும். முதல் வகைக்கு உரம் வேண்டும். இரண்டாவது வகைக்கு உரம் போட்டால் காசும் போய்க் காய்ப்பும் போகும்.

இன்னொரு லாபமும் உண்டு. காற்றும் வெயிலும் புகுந்த பந்தலில் பனியும் மழை ஈரமும் சீக்கிரம் காயும். அடிச்சாம்பல் நோய் பரவுவது குறையும். அடிக்கிற மருந்தும் இலையிலும் குலையிலும் சரியாகப் போய்ச் சேரும்.

இதில் சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. போகும்போது அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். "காய்க்கலீங்க" என்று மட்டும் சொன்னால் யாராலும் சரியாக யோசனை சொல்ல முடியாது. எழுதி வைத்த எடை பேசும்.